ஆறு அரசாங்கத்துடையது, கிராண்ட் அப்பா பேரில்

கேள்வி: நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். இறந்துபோன அப்பா பேரில் பேராக் மலையடிவாரத்தில் 6 ஏக்கர் டுரியான் தோட்டம் இருக்கிறது. ஓரத்திலேயே ஆறு ஓடுகிறது. அப்பா உயில் எழுதவில்லை. அங்கே 2 மெகாவாட் சிறிய நீர்மின் நிலையம் கட்டப்போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்து, அண்ணனிடம் 10,000 ரிங்கிட் கொடுத்து, 21 வருடத்துக்கு லாபத்தில் 3 விழுக்காடு என்று கையெழுத்து வாங்கிவிட்டது. இப்போது அம்மாவும் நானும் தம்பியும் போட வேண்டுமாம். "ஆத்துத் தண்ணி உங்களோடது, சும்மா ஓடுறத காசாக்கித் தர்றோம்" என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், சகோதரி. அண்ணனோடு சண்டைக்கும் போகாதீர்கள். அவர் போட்ட கையெழுத்துக்கு அவர் நினைக்கிற அளவு பலம் இல்லை.

கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) இன்னும் அப்பா பேரில்தானே? உயில் இல்லாததால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்தான் பேசும். தாத்தா பாட்டி உயிரோடு இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மற்றது பிள்ளைகள் மூவருக்கும் சமமாக. அண்ணனுக்கு வருவது ஒன்பதில் இரண்டு. அதை வைத்துக்கொண்டு தோட்டத்தை யாருக்கும் குத்தகைக்கு விட முடியாது. முதலில் பூசாகாவை, அதாவது இறந்தவர் சொத்தை வாரிசுகள் பேருக்கு மாற்றும் வேலையை, முடியுங்கள். மொத்தச் சொத்து 5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் நிலம் இருக்கும் மாவட்ட நில அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், பினாங்கு லைட் ஸ்திரீட் ஹைகோர்ட் வரை ஏற வேண்டியதில்லை.

அடுத்து, தண்ணீர். அது உங்களுடையது அல்ல. பேராக்கில் செல்லும் 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி ஆறுகள் மாநில ஆட்சியாளர் வசம். ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுக்க மாநிலத்திடம் லைசன்ஸ் வாங்க வேண்டியது கம்பெனியின் பாடு. ஆகவே நீங்கள் தண்ணீருக்குப் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை. உங்களிடம் விற்க இருப்பது நிலம், அதாவது குழாய் போகும் வழியும் டர்பைன் உட்காரும் இடமும். அது இல்லாமல் அவர்களால் ஒரு அடி நகர முடியாது என்றால் விலை சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

2 மெகாவாட் என்று வாயால் சொல்வது சுலபம். 100 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்குச் சுமார் இரண்டரை டன் தண்ணீர் விழுந்தால்தான் அவ்வளவு வரும். உங்கள் ஆறு வறட்சி மாதத்தில் எப்படி இருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும், கேளுங்கள். இன்னொன்று: இந்த மாதிரி நிலையங்களில் பெரிய அணை இருக்காது. மேலே ஒரு தடுப்பணை கட்டி, தண்ணீரைக் குழாயில் இறக்கி, கீழே மறுபடி ஆற்றில் விடுவார்கள். இடைப்பட்ட ஆறு மெலிந்துபோகும். தோட்டம் அந்த இடைவெளியில் இருந்தால் மரங்களுக்கு என்ன பாய்ச்சுவீர்கள்? குறைந்தது எவ்வளவு தண்ணீர் ஆற்றிலேயே ஓட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதச் சொல்லுங்கள்.

அந்த 21 வருடம் 2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்திலிருந்து வருகிறது. 30 மெகாவாட் வரையிலான சிறு நீர்மின் நிலையம் சேடாவின் (புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைக் கவனிக்கும் அரசு அமைப்பு) ஒப்புதல் பெற்றால், அதன் மின்சாரத்துக்கு 21 வருடம் நிர்ணய விலை கிடைக்கும். (மின்கட்டண பில்லில் 1.6 விழுக்காடு என்று ஒரு வரி இருக்கிறதே, அந்தப் பணம் இதற்குத்தான் போகிறது.) அந்தக் கணக்கு மின்சாரம் விற்கத் தொடங்கும் நாளிலிருந்துதான் ஓடும், நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அல்ல. வேலையே தொடங்காமல் பத்து வருடம் பேப்பரைக் கையில் வைத்திருந்தால்? இரண்டு வருடத்தில் கட்டுமானம் ஆரம்பிக்காவிட்டால் எல்லாம் ரத்து என்று ஒரு வரி வேண்டும். சேடா ஒப்புதல், நீர் லைசன்ஸ், எரிசக்தி ஆணையத்தின் லைசன்ஸ் மூன்றின் நகலையும் கேளுங்கள். "ப்ராசஸ்ல இருக்கு" என்பது நகல் ஆகாது.

"லாபத்தில்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். பேங்க் கடன், வட்டி, நிர்வாகச் செலவு எல்லாம் கழித்தபின் பல வருடத்துக்கு லாபமே காட்டாமல் இருக்கலாம், அதில் 3 விழுக்காடு பூஜ்யம்தான். மாத வாடகையாக ஒரு நிலையான தொகை, அதன்மேல் மின்சாரம் விற்ற மொத்த வருமானத்தில் ஒரு பங்கு என்று கேளுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. நிலம் விவசாயப் பிரிவில் இருந்தால் மின் நிலையம் கட்ட முன்கூட்டியே நிபந்தனையை மாற்ற வேண்டும். மாற்றாமல் கட்டினால் தேசிய நிலச் சட்டப்படி நடவடிக்கை வருவது கம்பெனிமேல் அல்ல, கிராண்டில் பெயர் உள்ளவர்மேல். நிலமே பறிமுதல் ஆகலாம். அதேபோல், கம்பெனியின் கடனுக்கு உங்கள் நிலத்தை பேங்கில் அடகு வைக்க ஒரு பாரமும் (படிவம்) நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களின் நடுவே வரலாம். 16ஏ என்ற எண்ணைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

குத்தகை மூன்று வருடத்துக்கு மேல் போனால் 15ஏ பாரத்தில் நில அலுவலகத்தில் பதிய வேண்டும். நிலத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் 30 வருடம்தான் உச்சம்.

10,000 ரிங்கிட்டை அண்ணன் செலவழிக்காமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒப்பந்தம் செல்லாது என்று ஆனால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 66ஆவது பிரிவுப்படி திருப்பித்தர வேண்டிவரும். இந்த வாரமே நில அலுவலகத்தில் ஒரு சாரியான் ரஸ்மி (நிலப் பதிவின் அதிகாரப்பூர்வத் தேடல் தாள்) எடுங்கள். கம்பெனி ஏற்கெனவே கேவியட் (நிலத்தின் மேல் போடும் தடைப் பதிவு) போட்டிருந்தால் அதிலேயே தெரியும். அந்தத் தாளோடும் அண்ணன் கையெழுத்திட்ட பேப்பரோடும் ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள். அண்ணனையும் கூட்டிப்போங்கள்.