நகம் வெட்டும்போது குழந்தையின் விரலில் ரத்தம் வந்தால்

கேள்வி: 8 மாதக் குழந்தைக்கு நகம் வெட்டும்போது விரல் நுனிச் சதையும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. துடைக்கத் துடைக்க ரத்தம் வந்தது. மாமியார் காபித்தூள் வைத்தார், கணவர் பிளாஸ்திரி ஒட்டினார். இதெல்லாம் சரியா? டிடி ஊசி போட வேண்டுமா?

பதில்: துடைத்துக்கொண்டே இருந்ததால்தான் நிற்கவில்லை. விரல் நுனியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருப்பதால் சின்ன வெட்டுக்கே நிறைய வருவது போலத் தெரியும், ரத்தம் உறைந்து வெட்டின் வாயை அடைக்கும் நேரத்தில் நாம் துணியால் இழுத்துத் துடைத்தால் உறைந்ததும் கூடவே வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அடுத்த முறை சுத்தமான துணியையோ காயத்துக்குக் கட்டும் காஸ் துணியையோ காயத்தின் மேல் வைத்து, உங்கள் இரண்டு விரலால் 5 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே பிடியுங்கள், ஏனென்றால் குழந்தை வீறிடும்போது அரை நிமிடமே ஐந்து நிமிடமாகத் தோன்றும். நடுவில் நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்று. பால் கொடுத்துக்கொண்டே பிடித்தால் பாதி வேலை முடிந்தது. நிற்கவில்லையா, இன்னொரு 10 நிமிடம்.

ரத்தம் நின்றபின் குழாய்த் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். ஸ்பிரிட் எரியும், சதையையும் பாதிக்கும். காபித்தூள், விபூதி எல்லாம் காயத்துக்குள் போடும் அழுக்குதான். மஞ்சள்தூளும் வேண்டாம், நிறத்துக்காக ஈயம் கலந்த ரசாயனம் சேர்த்த தூளும் சந்தையில் பிடிபட்டிருக்கிறது, அந்த விரலோ நேராக வாய்க்குப் போகும்.

அதனால்தான் பிளாஸ்திரியும் கூடாது. ஊறிக் கழன்று தொண்டையில் அடைத்தால் அது வெட்டுக்காயத்தை விடப் பெரிய ஆபத்து. விரலைச் சுற்றி நூல் கட்டுவது அதைவிட மோசம், ரத்த ஓட்டமே நின்றுவிடும். திறந்தே விடுங்கள்.

நடை பழகும்போது விழுந்து மேலுதட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு கிழிவதும் சகஜம். வாய் முழுக்க ரத்தமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் தையல் தேவைப்படாது, உதட்டை வெளியிலிருந்து பல்லோடு சேர்த்து அழுத்துங்கள். அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உதட்டைத் தூக்கிக் காட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கசியும்.

15 நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால், காயம் பிளந்திருந்தால், உள்ளே கண்ணாடி இருந்தால், முகத்தில் ஆழமாகப் பட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய் பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே போக வேண்டும், காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும். சின்ன வெட்டெல்லாம் மணிக்கணக்கில் கசிகிறது, காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு வருகிறது என்றால் ரத்தம் உறையும் தன்மையைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

டிடி? 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளைப் போட்டிருக்கிறீர்கள் என்றால் அதிலேயே டெட்டனஸுக்கும் சேர்த்துதான் கொடுத்திருக்கிறார்கள், இந்தச் சின்ன வெட்டுக்குத் தனி ஊசி வேண்டாம். ஏதாவது விடுபட்டிருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரைப் பாருங்கள்.