எச்.எஸ்.ஏ. பணத்தில் வீட்டுக்கு சானா வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். எச்.எஸ்.ஏ. எனும் வரிச்சலுகை மருத்துவச் சேமிப்புக் கணக்கில் 6,000 டாலர் சேர்ந்திருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் இன்ஃப்ராரெட் சானாவை (அகச்சிவப்புக் கதிர் வெப்பத்தில் வியர்க்க வைக்கும் சிறு அறை) 3,000 டாலருக்கு விற்கும் ஒரு நிறுவனம், "எச்.எஸ்.ஏ. அட்டை செல்லும், ஆன்லைனில் படிவம் நிரப்பினால் டாக்டர் கடிதமும் வாங்கித் தருகிறோம்" என்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்தக் கடிதத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அமெரிக்க வரிச் சட்டத்தின் 213(டி) பிரிவுப்படி, குறிப்பிட்ட ஒரு நோயைக் கண்டறிய, குணமாக்க, தணிக்க, தடுக்க ஆகும் செலவுதான் மருத்துவச் செலவு. உடம்புக்குப் பொதுவாக நல்லது என்பதற்காக வாங்குவது அதில் சேராது. 2024 மார்ச்சில் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இதையே எச்சரிக்கையாக வெளியிட்டது: நாமே சொன்ன விவரங்களை மட்டும் வைத்து எழுதித் தரும் டாக்டர் குறிப்பு, சாதாரணச் செலவை மருத்துவச் செலவாக மாற்றிவிடாது.

கடையில் அட்டை செல்வதும் ஆதாரம் ஆகாது. எச்.எஸ்.ஏ. வங்கி எதையும் சரிபார்ப்பதில்லை. கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குறிப்பிட்ட அந்த நோய் இல்லாவிட்டால் சானா வாங்கியிருப்பீர்களா?

நாள்பட்ட மூட்டுவாதம் போன்ற ஒரு நோய்க்கு ஏற்கெனவே சிகிச்சை எடுக்கிறீர்கள் என்றால், பார்த்துவரும் டாக்டரிடமே மருத்துவத் தேவைக் கடிதம் கேளுங்கள். நோயாளியின் பெயர், நோயின் பெயர், சானா அந்த நோய்க்கு எப்படி உதவும், எவ்வளவு காலத்துக்கு, டாக்டரின் கையொப்பம், தேதி இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது தேதியில்தான். வாங்கிய பிறகு எழுதிய கடிதம் பலவீனமானது. கடிதத்தையும் ரசீதையும் அந்த வருட வரிக் கோப்பிலேயே வையுங்கள். எடுத்த பணத்தைப் படிவம் 8889-இல் காட்ட வேண்டும்.

தகுதியில்லை என்று முடிவானால் என்ன ஆகும்? 24 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 3,000 டாலருக்கு வருமான வரி 720, அதன்மேல் 20 சதவீதக் கூடுதல் வரி 600, மொத்தம் 1,320 டாலர். 65 வயதுக்கு மேல் அந்த 20 சதவீதம் கிடையாது, வருமான வரி மட்டும் உண்டு.

இன்னொன்று. "வரியில்லாப் பணம், அதனால் தள்ளுபடி" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். பணத்தைக் கணக்கில் போட்டபோதே வரிச்சலுகை கிடைத்துவிட்டது. அதே 3,000 டாலரை நாளை பல் சிகிச்சைக்கு எடுத்தாலும் வரி கிடையாது. போதாக்குறைக்கு, நியூஜெர்சியும் கலிஃபோர்னியாவும் எச்.எஸ்.ஏ.வுக்கு மாநில வரியில் சலுகை தருவதில்லை. எனவே லாபக் கணக்கில் மாநில வரியைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்காக வேலை செய்யும் நிறுவனம் வழியாக வரியில்லாமல் ஒதுக்கும் கணக்கு). டிசம்பரில் மிச்சப் பணம் வீணாகிவிடும் என்பதால் கேட்கிறேன்.

பதில்: விதி அதேதான், ஆனால் இங்கே திட்ட நிர்வாகி ஒருவர் உட்கார்ந்து சரிபார்ப்பார். கடிதத்தை முன்கூட்டியே அனுப்பி, செல்லும் என்று எழுத்தில் வாங்கிய பிறகு ஆர்டர் போடுங்கள். காசு கட்டிய தேதியை வைத்து வருடத்தைக் கணக்கிடுவதில்லை. சானா பெட்டி லாரியில் ஜனவரியில் வந்து இறங்கினால் சிக்கல். 2026-இல் இந்தக் கணக்கில் போடக்கூடிய உச்சவரம்பு 3,400 டாலர். மிச்சத்தில் 680 டாலர் வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம், அதுவும் உங்கள் நிறுவனம் அனுமதித்தால்தான்.

கேள்வி: டாக்டர் கடிதம் இருக்கிறது. பேஸ்மென்ட்டில் சுவரோடு சேர்த்துக் கட்டினால் முழுச் செலவும் செல்லுமா?

பதில்: பெரும்பாலும் செல்லாது. வீட்டின் மதிப்பைக் கூட்டும் நிரந்தர வேலை என்றால், கூடிய மதிப்பைக் கழித்து மீதிதான் மருத்துவச் செலவு. ஐ.ஆர்.எஸ். வெளியீடு 502-இல் வரும் உதாரணம்: 8,000 டாலர் செலவில் மின்தூக்கி வைத்ததும் வீட்டு மதிப்பு 4,400 கூடியது, மருத்துவச் செலவு 3,600 மட்டும். சானாவுக்கும் மதிப்பீட்டாளரிடம் முன், பின் மதிப்பை எழுதி வாங்குங்கள். கழற்றி எடுத்துப்போகக்கூடிய கேபினுக்கு இந்தத் தொல்லை குறைவு.

வயரிங்கை மறந்துவிடாதீர்கள். 240 வோல்ட்டில் 6 கிலோவாட் ஹீட்டர் 25 ஆம்ப் இழுக்கும். அதற்குத் தனி சர்க்யூட் வேண்டும், எலக்ட்ரீஷியன் கூலி தனி. 120 வோல்ட் இன்ஃப்ராரெட் கேபின் என்றாலும் 1,750 வாட் என்றால் 14.6 ஆம்ப். 15 ஆம்ப் பொது பிளக்கில் செருகினால், அதே லைனில் ஹேர் டிரையர் போட்ட நிமிடம் பிரேக்கர் விழும்.

கேள்வி: மதுரையிலிருந்து ஆறு மாத விசிட்டர் விசாவில் வரும் அம்மாவின் முழங்கால் வலிக்காக வாங்கலாமா?

பதில்: முடியாது. உங்களுக்கும் மனைவிக்கும் வரிச் சட்டப்படி உங்களைச் சார்ந்தவர்களுக்கும் ஆகும் செலவு மட்டுமே செல்லும். இந்தியாவில் வசித்து, இங்கே வந்து தங்கிப் போகும் பெற்றோர் சாதாரணமாக அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கேள்வி: செல்லும் என்று நினைத்து ஏற்கெனவே எச்.எஸ்.ஏ. அட்டையைத் தேய்த்துவிட்டேன். இனி?

பதில்: நியாயமான காரணத்தால், உண்மை நிலை தெரியாமல் எடுத்த பணத்தைத் திரும்பச் செலுத்த வழி இருக்கிறது. தவறு தெரிந்த வருடத்துக்கு அடுத்த வருடம், வரித் தாக்கல் கெடு தேதிக்குள் கட்ட வேண்டும். ஆனால் திரும்ப வாங்கியே தீர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் கிடையாது. இன்றே வங்கியைக் கூப்பிட்டு, தவறாக எடுத்த பணத்துக்கான படிவத்தைக் கேளுங்கள். சானாவைத் திருப்பி அனுப்ப முடிந்தால், பணம் அதே எச்.எஸ்.ஏ. அட்டைக்கே வரும்படி கடையில் சொல்லிவிடுங்கள்.