கபில் மணப்பெண்ணின் வெள்ளியும் பவளமும்: கேள்வி பதில்

அல்ஜீரியாவில் கபில் மக்கள் வாழும் கபிலியா மலைப்பகுதியில், முக்கியமாக அத் யென்னி ஊர்களில் செய்யப்படும் எனாமல் வெள்ளி நகைகள் பற்றி வந்த கேள்விகள் இவை.

வேணி: தப்ஸிம்த்தை எங்கே அணிவார்கள்?

அது வட்டமான பெரிய ஊசிப்பதக்கம். பொதுவாக மார்பில் குத்துவார்கள். ஆண் குழந்தை பெற்றவள் நெற்றியில் அணிவது பழைய வழக்கம்.

செந்தில்: எனாமல் எப்படி ஏறுகிறது? ஏன் சில துண்டுகளில் விரிசல்?

வெள்ளித் தகட்டின் மேல் முறுக்கிய கம்பியை வளைத்துச் சிறு அறைகள் கட்டுவார்கள். வெண்காரம் தடவி, வெள்ளிப்பற்றுப் பொடி வைத்துச் சூடேற்றி ஒட்டுவார்கள். பிறகு கண்ணாடித் தூளை நீரில் குழைத்து அறைகளில் நிரப்பி, நன்றாகக் காயவிட்டுச் சூளையில் வைப்பார்கள். ஈரம் மிச்சமிருந்தால் எனாமல் கொப்பளிக்கும். நீலத்துக்கு கோபால்ட் ஆக்சைடு, பச்சைக்கு குரோமியம் ஆக்சைடு. இவ்விரண்டிலும் ஒளி ஊடுருவும். மஞ்சள் மட்டும் ஊடுருவாது. ஆறும்போது வெள்ளியும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் ஒரு பக்கம் மட்டும் எனாமல் போட்ட பெரிய தகடு வளைந்து வெடிக்கும். பழைய தப்ஸிம்த் பலவற்றில் பின்புறமும் எனாமல் இருக்கும். அழகோடு இந்த இழுப்பையும் அது சமன் செய்கிறது.

பவளம் பதிப்பது கடைசி வேலை. பவளம் சுண்ணாம்புப் பொருள், சூளைச் சூட்டைத் தாங்காது. ஆகவே ஊசி ஒடிந்துவிட்டால், பவளத்தைக் கழற்றாமல் யாரையும் நெருப்பு வைக்க விடாதீர்கள். ஈயப்பற்றும் கூடாது. பின்னால் சூடேறும்போது ஈயம் வெள்ளியை அரித்துக் குழியாக்கும்.

மாலதி: புளி போட்டுத் துலக்கலாமா?

கூடாது. அமிலம் பட்டால் பவளத்தின் மெருகு போய்விடும். மென்துணியால் துடைத்தால் போதும்.

ரவி: எலுமிச்சை?

அதுவும் அமிலம்தான்.

கீதா: நகைக்கடையில் முக்கித் தரும் வெள்ளிக் கரைசல்?

அமிலம் கூடாது என்று மேலே இருமுறை சொல்லிவிட்டேன். பவளம் பதித்த எதையும் எந்தக் கரைசலிலும் முக்காதீர்கள். பல் தேய்க்கும் பசையும் வேண்டாம், அது வெள்ளியையும் பவளத்தையும் கீறும்.

அருள்: இந்த நகைகளின் முக்கோணம் எல்லாம் பண்டை வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தானித் தெய்வத்தின் சின்னம்தானே?

வேணி: அருள், அதெல்லாம் விற்பவர்கள் கட்டிய கதை!

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கார்த்தேஜ் வீழ்ந்தது கி.மு. 146-இல். அங்கிருந்து இந்த நகைகள் வரை அறுபடாத தொடர்பு இருப்பதற்குச் சான்று இல்லை. இஃப்ஸிமென் என்ற இணை ஊசிகளின் முக்கோணத்துக்கு வேலைக் காரணமும் உண்டு: அகன்ற பக்கம் பதக்கத்தையும் சங்கிலியையும் தாங்க, குறுகிய பக்கம் ஊசியைப் பிடிக்கிறது.

ஆனால் நகை காக்கும் என்ற நம்பிக்கையே பொய் என்று வேணி நினைத்தால் அதுவும் சரியில்லை. கண்ணேறுக்குப் பவளம், ஐந்து என்ற எண், ஐவிரல் கை வடிவமான கம்சா, கிராம்பை அரைத்து உருட்டிக் கோத்த ஸ்காப் மாலை, துனிசியாவில் மீன் வடிவம்: இவை அங்குள்ள பெண்கள் தெரிந்தே அணிபவை. அல்ஜீரியாவின் தெலெம்சென் நகர மணக்கோலம் 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் ஒழுங்கற்ற முத்துச் சரங்கள் மணப்பெண்ணின் கருவுறுப்புகளைத் தீய ஆவிகளிடமிருந்து காப்பதாக நம்பிக்கை. எது எதைக் காக்கிறது என்பதை உருவத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். பொருளையும் உடலில் அது அமரும் இடத்தையும் பாருங்கள்.

அருள்: அப்படியானால் முக்கோணத்துக்குப் பொருளே இல்லையா?

இருக்கலாம். அணிபவர் சொன்னால் எழுதுங்கள், விற்பவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

கண்ணன்: செவ்வாய் தோஷத்துக்கு இந்தப் பவளத்தைப் பெயர்த்து மோதிரம் செய்யலாமா?

தோஷத்தை ஜோதிடரிடம் கேளுங்கள். பெயர்க்க வேண்டாம், கூட்டை நெம்பினால் பக்கத்து எனாமல் உதிரும்.

லதா: பவளம் அசலா என்று வினிகர் விட்டுப் பார்க்கலாமா?

மறுபடியும் அமிலம்! சாயமேற்றிய மூங்கில் பவளமும் (அது வேறொரு பவள இனம்) நுரைக்கும், எனவே சோதனையே பயனற்றது. உருப்பெருக்கியில் பாருங்கள்: மத்தியதரைக் கடல் பவளத்தில் வரிகள் மிக நெருக்கமாக இருக்கும், மூங்கில் பவளத்தில் அகன்று தெரியும். குமிழி தெரிந்தால் கண்ணாடி.

பிரபு: விலை என்ன வரும்?

எடையும் பின்புறப் படமும் இல்லாமல் சொல்ல முடியாது.

சாந்தி: ஊசியைக் குத்தினால் நழுவுகிறதே?

ஊசியோடு இணைந்த, முழுதாக மூடாத வளையத்தின் இடைவெளியை ஊசிக்கு நேராக வைத்து, துணியின் இரு மடிப்பையும் சேர்த்துக் குத்துங்கள். ஊசி முனையை இடைவெளி வழியே வெளியே எடுத்து, வளையத்தைச் சுற்றிவிட்டால் பூட்டிக்கொள்ளும். இந்த ஊசிகள் தடித்த கம்பளித் துணிக்காகச் செய்தவை. பட்டுச் சேலையில் குத்தினால் சேலைதான் கிழியும்.