ஸ்டார்ட்-அப்பிலிருந்து மருத்துவத் துறைக்கு மாறினால் ப்ராடக்ட் டிசைனர் திரும்பி வர முடியுமா?

முடியும். சம்பளத்தில் கொஞ்ச காலம் அடி விழும், அவ்வளவுதான்.

நான்கு வருடம் ஸ்டார்ட்-அப்பில் இருந்துவிட்டு, மருத்துவமனை மென்பொருள் கம்பெனியின் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு, போனால் திரும்பி வர முடியாதோ என்று பயந்து யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். நானும் அந்த வழியாகப் போனவன்தான். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஒரு டிசைன் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், மீதி நாளில் ஃப்ரீலான்ஸ்.

படித்தது மெக்கானிக்கல். அகமதாபாத்தில் என்ஐடி என்ற தேசிய வடிவமைப்புக் கல்லூரி 1961இலிருந்தே இருக்கிறது என்பதுகூடக் கடைசி வருடத்தில்தான் தெரியும். 2013இல் சென்னையில் ஒரு காய்கறி டெலிவரி ஆப்பில் சேர்ந்தேன். ஸ்க்ரீன் வரைய இன்று எல்லோரும் எடுக்கும் ஃபிக்மா மென்பொருள் வருவதற்கு முந்தைய காலம், ஃபோட்டோஷாப்பில் பட்டன் வரைந்துகொண்டிருந்தோம். பதினான்கு மாதத்தில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

அடுத்தது பெங்களூரில் கடன் கொடுக்கும் ஆப். அங்கே நான் செய்த ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். கடனோடு சேர்த்து ஒரு இன்சூரன்ஸ். அதற்கான கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அந்த வரியின் எழுத்தைக் கொஞ்சம் சாம்பல் நிறமாக்கியது மட்டும் என் சொந்த யோசனை. இன்சூரன்ஸ் எண்ணிக்கை ஏறியது, மீட்டிங்கில் கைதட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "உங்க ஆப்லதான்டா லோன் போட்டேன். அதென்ன நானூறு ரூபா தனியா பிடிச்சிருக்கான்?" இதற்கு 'பாஸ்கெட் ஸ்னீக்கிங்' என்று பெயர் இருப்பதும், 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று என்பதும் பின்னால் வந்த சமாச்சாரம். அன்றைக்குச் சித்தப்பாவிடம், "கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இன்று வரை சொல்லவில்லை.

மருத்துவத் துறைக்கு நான் சேவை மனப்பான்மையோடு போனதாக நினைத்துவிடாதீர்கள். அந்த ஆபீஸைவிட்டு வெளியே வர வேண்டும், கிடைத்த வேலை அது. வார்டில் நர்ஸ்கள் மருந்து கொடுத்ததைக் குறித்துக்கொள்ளும் சார்ட்டை டேப்லெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று வாரம் ஆபீஸில் உட்கார்ந்து ஸ்க்ரீன்களை வரைந்து முடித்துவிட்டுத்தான் வார்டுக்கே போனேன். ஸ்டார்ட்-அப் பழக்கம்.

ராத்திரி எட்டு மணி, ஷிஃப்ட் மாறும் நேரம். ஒரு சிஸ்டர் கையில் உறையோடு எங்கள் ஆப்பைத் தட்டுகிறார், ஸ்க்ரீன் அசையவில்லை. உறையைக் கழற்றித் தட்டினார். ஒரு மருந்தைக் குறிக்க எட்டுத் தட்டு. அதற்குள் இரண்டு பெட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து மைக்ரோபோர் பிளாஸ்திரியைக் கிழித்து டிரிப் பாட்டிலில் ஒட்டி, அதன் மேல் பெட் நம்பரும் நேரமும் பேனாவால் எழுதிவிட்டுப் போய்விட்டார். மூன்று நொடி ஆகியிருக்கும். எங்கள் மூன்று வார வேலை செய்யாததை அந்தப் பிளாஸ்திரித் துண்டு செய்தது. தகவல் எங்கே தேவையோ அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

திரும்பி வந்து டேப்லெட்டை எடுத்தவர் ஒரு வரியைக் காட்டி, "இது அஞ்சா அம்பதா தம்பி?" என்று கேட்டார். 5.0 மி.கி. என்று இருந்தது. எல்லா எண்ணும் ஒரு தசம இடத்தோடு வரிசையாக நின்றால் பார்க்க அழகாக இருக்கும் என்று நான்தான் அப்படி வைத்தேன். கீறல் விழுந்த அந்த ஸ்க்ரீனில் புள்ளி தெரியவில்லை. நல்லவேளை, அது சோதனைப் பதிப்பு, நிஜ நோயாளியின் சார்ட் இல்லை. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இலேயே இதற்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் கூடாது. அரை என்றால் வெறும் .5 கூடாது, 0.5 என்றே எழுத வேண்டும். யூனிட்டை ஆங்கில யூ எழுத்தாகச் சுருக்கக் கூடாது, கையெழுத்தில் அது பூஜ்யமாகிவிடும். மருந்தகப் படிப்பில் சாதாரணமாகச் சொல்லித் தருகிற விஷயம் இது. ஐந்து வருடம் டிசைனராக இருந்த எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வார்டில் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எட்டுத் தட்டு இரண்டானது. அதற்கு ஏழு மாதம் பிடித்தது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் டாக்டர்கள், மருந்தகம், தரக் கட்டுப்பாடு என்று கையெழுத்து. வெள்ளிக்கிழமை யோசித்துத் திங்கட்கிழமை வெளியிட்டுப் பழகியவர்களுக்கு இது பைத்தியம் பிடிக்க வைக்கும். இதற்குத் தயாராகப் போங்கள்.

கற்பிக்க வந்தது தற்செயல். ஒரு நாள் கெஸ்ட் லெக்சர், அப்புறம் ஒரு செமஸ்டர், அப்படியே ஒட்டிக்கொண்டது. "சார்" என்று கூப்பிட்டால் முதல் மாதம் பின்னால் யாரோ நிற்பதாகத் திரும்பிப் பார்ப்பேன். தெராக்-25 கதையை முதலில் சொல்வேன்: 1985க்கும் 1987க்கும் இடையில் அந்தக் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு கொடுத்தது. அதில் இரண்டு தடவை ஸ்க்ரீனில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54', அதாவது 'கோளாறு 54', என்ற ஒரு வரிதான். பழைய கதை என்று பிள்ளைகள் அசைய மாட்டார்கள். அப்புறம் மேஜையில் இரண்டு இன்சுலின் சிரிஞ்சுகளை வைப்பேன். மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கானது சிவப்பு மூடி, 100 யூனிட்டுக்கானது ஆரஞ்சு மூடி. மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு தவறும். போன வருடம் ஒரு பெண் இரண்டையும் ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, "எங்க ஆச்சிக்குக் கண்புரை சார், அவங்களுக்கு இது ரெண்டும் ஒரே கலர்தான்" என்றாள். வகுப்பு அப்போதுதான் விழித்துக்கொண்டது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். மருத்துவமனை வேலையில் பாதியை ரகசிய ஒப்பந்தத்தால் போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை தேடும்போது காட்டும் தொகுப்பில், காட்ட முடியாது, அது உண்மை. நான் ஸ்க்ரீனைக் காட்டாமல், நோயாளி விவரம் இல்லாத கைவரைபடங்களோடு அந்த 5.0 கதையைச் சொல்லித்தான் மூன்று ஸ்டார்ட்-அப் நேர்காணல்களுக்குப் போனேன். இரண்டில் ஆஃபர் வந்தது. கற்பிக்கும் சம்பளம் மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, அதனால்தான் ஃப்ரீலான்ஸ்.

கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: டிசைனரை வார்டுக்குள் விடுவார்களா, மாதத்தில் எத்தனை நாள்? "தேவைப்பட்டால் டாக்டரோடு போன் கால் ஏற்பாடு செய்கிறோம்" என்று பதில் வந்தால் நான் சேர மாட்டேன்.