மனைவிக்கு முதல் கைத்துப்பாக்கி: சின்ன ரிவால்வர் வேண்டாம்

டெக்சாஸில் இரவுப் பணி முடிந்து தனியாக வரும் மனைவிக்கு, கைப்பைக்குள் அடங்கும் .38 ரிவால்வர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஐந்து குண்டு ரிவால்வர் பையில் இருப்பதே தெரியாது. ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். விசையும் கெட்டி. கொஞ்சம் சுட்டதுமே உள்ளங்கை எரியும், அப்புறம் பயிற்சிக்குப் போகவே மனம் வராது.

நடுத்தர அளவில் 9 மி.மீ. பிஸ்டல் பாருங்கள். கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி இரண்டையும் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து, மனைவியையே சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுக்கச் சிரமப்பட்டால் ஈஸிதான் சரி. அதை இழுக்க அவ்வளவு பலம் வேண்டாம். தேர்வு அவருடையதாகவே இருக்கட்டும்.

இன்னொன்று முக்கியம்: எச்1பி வேலை விசாவிலோ, அவர்கள் குடும்பத்தினருக்கான எச்4 விசாவிலோ இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை.

வீட்டில் குழந்தை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எண் பொத்தானில் திறக்கும் சிறு பெட்டகத்தை அதே நாளில் வாங்கிவிடுங்கள். வீட்டுக்குள் வந்ததும் துப்பாக்கி அதற்குள் போய்விட வேண்டும். குழந்தைகள் முதலில் துழாவுவது அம்மாவின் கைப்பையைத்தான்.