டவுன்லோடு செய்யும் முன் முகவரியைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேர்டு, எக்செல் போன்ற வேலைகளுக்கான லிப்ரே ஆபிஸ் மென்பொருள் வேண்டுமென்று தேடி, முதலில் வந்த தளத்தில் 499 ரூபாய் கட்டி டவுன்லோடு செய்தேன். இன்ஸ்டால் ஆனதும் பிரவுசரின் முகப்புப் பக்கமே மாறிவிட்டது. அசல் தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதிகாரபூர்வமல்லாத தளம் என்றாலே மோசடியா?

பதில்: முதல் வேலையாக அந்தக் கம்ப்யூட்டரின் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் அதில் இருக்குமே, அதுதான் என் கவலை. அன்றைக்கு ஏறிய எல்லா மென்பொருளையும் நீக்கி, விண்டோஸ் டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். கணக்கில் அதற்கு மேலும் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

லிப்ரே ஆபிஸை வெளியிடுவது தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன். அதன் தளம் லிப்ரேஆபிஸ் டாட் ஆர்க். அங்கே நன்கொடை கேட்பார்கள்; கொடுக்காவிட்டாலும் டவுன்லோடு ஆகும். பிறர் அதை விலைக்கு விற்கவும் லைசென்ஸ் இடம் தருகிறது. ஆனால் அதோடு வேறெதையோ ஒட்டி உங்கள் தலையில் கட்டியது அயோக்கியத்தனம்.

தேடலில் முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அதைத் தாண்டி, முகவரியில், தொடக்கத்து https:// போக, முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் புள்ளியால் பிரிந்திருக்கும் கடைசி இரண்டு துண்டுகளைப் படியுங்கள். 'லிப்ரேஆபிஸ்' என்ற சொல் அதற்கு முன்னால் எங்கே இருந்தாலும் அர்த்தமில்லை. பூட்டுச் சின்னத்தையும் நம்பாதீர்கள், போலித் தளத்துக்கும் அது கிடைக்கும். டாட் ஆர்க் முகவரியை யாரும் வாங்கலாம். வீடியோ பார்க்கும் மென்பொருளான விஎல்சியின் தளம் வீடியோலேன் டாட் ஆர்க். பெயரில் விஎல்சியே இல்லை! கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளின் தளப் பெயரில் நடுவே ஒரு சிறு கோடு உண்டு. குழப்பமானால் விக்கிப்பீடியா கட்டுரையின் தகவல் பெட்டியில் உள்ள இணைப்போடு ஒப்பிடுங்கள்.

அசல் தளமும் எப்போதாவது ஏமாறும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், டவுன்லோடு இணைப்பையே கள்ளக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். செக்சம்மை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை, அசல் கோப்புக்குரிய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது லினக்ஸ் மின்ட் குழு. 7-ஜிப் இருந்தால், கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தே எஸ்எச்ஏ-256 என்ற வகைச் செக்சம் எண்ணைப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு: இல்லவே இல்லை. பயனர்கள் ஆசையோடு நடத்தும் தளங்கள்தான் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடம். தாங்கள் யார் என்பதை மறைக்காத தளத்தில் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கோப்பை மட்டும் அசல் தளத்தில் எடுங்கள். அந்த முகவரிகளைக் கடைக் கம்ப்யூட்டரில் புக்மார்க் செய்துவைத்தால், உதவிக்கு இருக்கும் பிள்ளைகளும் தேடாமல் அங்கிருந்தே திறப்பார்கள்.