பத்து மரமும் ஒரே ஆள் மாதிரி இருந்தால்

கற்பனை மரங்களுக்கு நகைச்சுவைக் கையேடு எழுதுகிறேன், எல்லா மரமும் ஒரே ஆள் மாதிரி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். 'கோபக்கார மரம்', 'சோம்பேறி மரம்' என்று குணத்தை முதலில் வைத்துவிட்டு மரத்தைத் தேடுவதால்தான் அப்படி. திருப்பிப் போடுங்கள். நிஜ மரத்தின் ஒரு பழக்கத்தை எடுத்து ஒரு படி மட்டும் கூட்டுங்கள். இரண்டு படி கூட்டினால் மரம் மறைந்து மனிதன்தான் மிஞ்சுவான்.

தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் விரல் சிவக்கும். அதுதான் உங்கள் கோள்மூட்டி மரம்: இலை பறித்தவனை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். தூங்குமூஞ்சி மரம் சாயங்காலமே இலையை மூடும். உங்களுடையது விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே மூடட்டும். பனைமட்டை இடுக்கில் முளைத்து, பனையையே வேரால் சுற்றிக்கொள்ளும் ஆல், வாடகைக்கு வந்து வீட்டை எழுதி வாங்கும் மாமா.

பராமரிப்புக் குறிப்பில் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். 'அளவாகத் தண்ணீர்' என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 'செவ்வாய்க்கிழமை 2 செம்பு. மூன்றாவது ஊற்றினால் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்துவிடும்' என்று எழுதுங்கள். ஒரு மரத்துக்கு 60 சொல் போதும். முருங்கையில் வேதாளம் மட்டும் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் ஏற்றுவார்கள்.